படத்தைத் தொட்டால் பதில் வரட்டும்

இணையத்தில் பட்டுப் புடவை விற்கும் சிறு கடைகளின் பக்கங்களைக் கொஞ்ச நேரம் புரட்டிப் பாருங்கள். படம் பிரமாதமாக இருக்கும். கீழே வரிசையாக ஹேஷ்டேக். "விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கமெண்டுகளில், கேள்வி மேல் கேள்வி: "இது கோர்வையா?", "அசல் சரிகையா?", "பிளவுஸ் அட்டாச்டா?", "இதே டிசைன் வேற கலர்ல வருமா?" பல கேள்விகள் பதிலில்லாமல் அப்படியே நிற்கும். பதில் வந்திருந்தாலும், கேட்டவர் அதற்குள் எத்தனையோ படங்களைத் தாண்டிப் போயிருப்பார். வியாபாரம் கைநழுவுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். படம் தன் வேலையைச் செய்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த விரலை நிறுத்திவிட்டது. நின்றவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துவைக்க அங்கே ஆளில்லை. படத்தின் மேலேயே புள்ளி வைத்து, தொட்டால் விவரம் திறக்கும்படி செய்கிற இமேஜ் டேகிங் கருவிகளைப் பற்றி எழுதத் தோன்றியது இதனால்தான். என் வாதம் இது: சிறு வியாபாரி இந்தப் புள்ளிகளை "இப்போதே வாங்கு" பொத்தானாக வைத்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வாங்க வந்தவர் மனதில் எழும் கேள்விக்கு, அது எழும் இடத்திலேயே பதிலாக வைத்தால் நிச்சயம் பலன் உண்டு.

படத்தில் இடம் பார்த்துத் தொடுகிற ஏற்பாடு ரொம்பப் பழையது. ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு இணைப்புக் கொடுக்கும் இமேஜ் மேப், 1997 ஜனவரியில் வெளியான எச்டிஎம்எல் 3.2 தரத்திலேயே வந்துவிட்டது. 2004-இல் தொடங்கிய ஃபிளிக்கரில் படத்தின் மேல் சின்னக் கட்டம் போட்டுக் குறிப்பு எழுத முடிந்தது. அடுத்த ஆண்டு ஃபேஸ்புக்கில் படத்தில் இருப்பவர்களை டேக் செய்யும் வசதி வந்தது. பிறகு ஹெல்சிங்கியிலிருந்து வந்த திங்லிங்க், படத்தின் எந்த இடத்திலும் புள்ளி வைத்து அதற்குள் எழுத்தோ இன்னொரு படமோ வீடியோவோ இணைப்போ சேர்க்கலாம் என்பதையே தனிச் சேவையாக்கியது. 2016 நவம்பரில் இன்ஸ்டாகிராம் அமெரிக்காவில் 20 சில்லறை நிறுவனங்களோடு சேர்ந்து ஷாப்பிங் டேகைச் சோதித்தது. ஒரு படத்தில் ஐந்து பொருட்கள் வரை பெயரும் விலையும் காட்டலாம் என்பது அன்றைய ஏற்பாடு. 2017 பிப்ரவரியில் பின்டரெஸ்ட் "ஷாப் தி லுக்" என்ற பெயரில் அதே வழிக்கு வந்தது. இந்த வரிசையில் ஒரு திருப்பம் தெரிகிறது. முதலில் "இது என்ன" என்று சொல்ல வந்த புள்ளி, போகப்போக "இது என்ன விலை" என்று சொல்லும் புள்ளியாகிவிட்டது. பெரிய பிராண்டுக்கு அது போதும். அவர்களுடைய செருப்பு எப்படி உழைக்கும், சைஸ் சரியாக வருமா என்பதெல்லாம் வாங்குபவருக்கு முன்பே தெரியும். விலையும் இணைப்பும் கிடைத்தால் காசு கட்டிவிடுவார். பெயர் தெரியாத கடையிலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குப் புடவை வாங்க யோசிப்பவருக்குத் தேவைப்படுவது முதல் வகைப் புள்ளி. அதைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம்.

படத்தின் மேல் எழுத்து வந்தால் படத்துக்குக் கீழே வந்ததைவிட என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். இதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கல்வி உளவியல் ஆய்வாளர்கள் பால் சாண்ட்லரும் ஜான் ஸ்வெல்லரும் மின்தொழில் பயிற்சியாளர்களை வைத்துச் செய்த சோதனைகளை 1991-இல் வெளியிட்டார்கள். வரைபடம் ஓரிடத்தில், விளக்கம் வேறிடத்தில் என்று இருந்தால், படிப்பவரின் கவனம் இரண்டுக்கும் இடையே அலைந்தே களைத்துப்போகிறது. விளக்கத்தை வரைபடத்துக்குள் உரிய இடத்தில் பொருத்திக் கொடுத்தபோது அவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். கலிஃபோர்னியாவின் ரிச்சர்ட் மேயர் தன் ஆய்வுகளில் இதையே ஒரு விதியாக வகுத்தார்: சொல்லும் அது குறிக்கும் படப் பகுதியும் அருகருகே இருந்தால் மனதில் பதிகிறது. இன்னொரு பக்கம், இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-இல் எழுதியதையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய சோதனையில் 79 சதவீதம் பேர் புதிய இணையப் பக்கத்தை மேலோட்டமாகத்தான் பார்த்தார்கள். வரி விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம். படத்துக்குக் கீழே நீங்கள் பத்தி பத்தியாக எழுதும் விவரம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை என்றுதான் அர்த்தம். அதே விவரத்தைத் துண்டு துண்டாக்கி, கண் நிற்கும் இடத்திலேயே வைத்தால் படிக்கப்பட வாய்ப்பு இருக்கிறது. சாண்ட்லர்–ஸ்வெல்லர் ஆய்வில் நமக்கு உதவும் இன்னொரு முடிவும் உண்டு. படத்தைப் பார்த்தாலே புரிகிற விஷயத்தை எழுத்திலும் பொருத்திச் சொன்னால் அது இடைஞ்சலாகிறது. பச்சைப் பார்டர் மேல் புள்ளி வைத்து "பச்சை நிற பார்டர்" என்று எழுதுவது அந்த ரகம்.

ஒரு காஞ்சிப் பட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். கடையில் பாயில் உட்கார்ந்து புடவையை விரிக்கும் அனுபவசாலியான விற்பனையாளர் வாயால் மட்டும் பேசுவதில்லை, விரலால் பேசுகிறார். பார்டர் சேரும் இடத்தைத் தடவிக் காட்டுகிறார். முந்தானையைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டுகிறார். சரிகையை வெளிச்சத்தில் பிடிக்கிறார். "இங்கே பாருங்கம்மா" என்று அவர் விரல் வைக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு கேள்வி எழக்கூடிய இடம் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். டேக் என்பது அந்த விரல். இந்த ஒரு கோணத்தைப் பிடித்துக்கொண்டால் எங்கே புள்ளி வைப்பது, எத்தனை வைப்பது, உள்ளே என்ன எழுதுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தானாகக் கிடைத்துவிடும்.

அரக்கு உடலும் பச்சைப் பார்டரும் கோத்து நெய்த ஒரு கோர்வைப் புடவையின் படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் புள்ளி, உடலும் பார்டரும் சேரும் கோட்டின் மேல். உள்ளே இப்படி எழுதலாம்: "உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கப் பார்டருக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி நெய்தது. ஒவ்வொரு வரியிலும் அரக்கு ஊடையும் பச்சை ஊடையும் இந்தக் கோட்டில் கோத்துக்கொள்கின்றன. அதனால்தான் பார்டரில் அரக்கு கலக்காமல் பச்சை பச்சையாகவே நிற்கிறது." கூடவே அதே இடத்தின் பின்பக்கத்தை நெருக்கமாக எடுத்த இன்னொரு படம். இழைகள் கோத்திருப்பது அதில் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது புள்ளி, உடல் முடிந்து முந்தானை தொடங்கும் இடத்தில். முந்தானை வேறு நிறத்தில் வர வேண்டுமென்றால் பாவையே, அதாவது நீளவாட்டு இழைகளையே, மாற்ற வேண்டும். தறியில் இருக்கும் பழைய பாவின் இழைகளோடு புது நிறப் பாவின் இழைகளை, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். பெட்னி என்று நெசவாளர்கள் சொல்வது இதைத்தான். படத்தில் ஒரு மெல்லிய தழும்பு மாதிரி தெரியும் அந்தக் கோட்டைப் பார்த்து "இது டேமேஜா?" என்று கேட்பவர்கள் உண்டு. புள்ளி இல்லாவிட்டால் உழைப்பின் அடையாளமே குறையாகத் தெரிகிறது. புள்ளி இருந்தால் அதே கோடு விலைக்குக் காரணமாகிவிடுகிறது.

மூன்றாவது புள்ளி சரிகையின் மேல். நேர்மை சோதிக்கப்படும் இடம் இது. பட்டு இழை மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் சரிகை. செம்புக் கம்பியை அடிப்படையாகக் கொண்டது டெஸ்டட் சரிகை. இவை இரண்டும் இல்லாத இமிடேஷன் சரிகையும் சந்தையில் ஏராளம். மூன்றையும் விற்பதில் தப்பில்லை. எது என்று சொல்லாமல் விற்பதுதான் தப்பு. "இது டெஸ்டட் சரிகை, அசல் சரிகையில் இதே டிசைனின் விலை இவ்வளவு" என்று எழுதிவிட்டால் வாங்குபவர் தன் பைக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வார். நான்காவது புள்ளி பட்டுக்கு. மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை, பட்டு சுத்தமானது என்பதற்கு உறுதி தருகிறது, சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சில்க் மார்க் அட்டை இருந்தாலே சரிகையும் அசல் என்று எண்ணுபவர்கள் நிறையப் பேர். இந்த வேறுபாட்டை இரண்டு வரியில் சொல்லும் கடைக்காரர் மேல் நம்பிக்கை வராமல் எப்படி இருக்கும்? ஐந்தாவது புள்ளியில் நீளம், பிளவுஸ் துணி உண்டா, விலை. அவ்வளவுதான். ஆறாவது புள்ளி வைக்கக் கை துறுதுறுத்தாலும் வைக்க வேண்டாம். படம் முழுக்கப் புள்ளியாக இருந்தால் எதைத் தொடுவது என்ற குழப்பத்தில் எதையும் தொடாமல் போய்விடுவார்கள்.

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "விலைக்கு டிஎம்" என்ற பழக்கத்துக்கு வியாபாரிகள் சொல்லும் காரணம் எனக்குப் புரிகிறது. போட்டிக் கடைக்காரர் பார்த்துவிடுவார், ஆள் பேசினால்தான் பேரம் படியும், டிஎம் வந்தால் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மேலே தூக்கும் என்பார்கள். எதிர்ப்பக்கமாக யோசியுங்கள். விலை தெரியாதவர் மனதில் இரண்டு எண்ணம்தான் ஓடும்: ஒன்று, நம்மால் முடியாத விலையாக இருக்கும், இரண்டு, ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். இரண்டுமே அவரைத் திருப்பி அனுப்பிவிடும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் கேட்கவே மாட்டார்கள். மேலும், 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், இணையத்தில் விற்பவர் மொத்த விலையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. புள்ளிக்குள் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் எழுத்தில் கொடுத்த வாக்கு. அதைச் சுமையாக நினைக்க வேண்டியதில்லை. வாய்வார்த்தையை நம்பாத வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுக்கத் துணிகிற சிறு கடை, அந்தத் துணிவாலேயே மற்றவர்களிடமிருந்து தனித்துத் தெரியும்.

பதில் கிடைத்த பிறகு வாங்குபவர் எங்கே போவார்? கடைசி அடி வாட்ஸ்அப்பில் முடியட்டும் என்பேன். நம் ஊரில் சிறு வியாபாரம் நடப்பது அங்கேதான். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-இல் வந்தது, அதில் கேட்டலாக் வசதி 2019-இல் சேர்ந்தது. பலர் கவனிக்காத ஒரு வசதி அதில் இருக்கிறது. வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகும் இணைப்பிலேயே செய்தியை முன்கூட்டி எழுதிவைக்கலாம். தட்டியவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் வேறு வேறு வாசகம் கொடுங்கள். கோர்வைப் புள்ளியில் "அரக்கு–பச்சைப் புடவையின் கோர்வை பற்றி ஒரு சந்தேகம்", சரிகைப் புள்ளியில் "இதே புடவை அசல் சரிகையில் கிடைக்குமா?", விலைப் புள்ளியில் "இந்தப் புடவையை எடுத்துக்கொள்கிறேன்" என்று. இதில் இரண்டு லாபம். முதலாவது, என்ன கேட்பது என்று தயங்குபவருக்கு வாக்கியம் தயாராக இருக்கிறது. இரண்டாவது, வரும் செய்தியின் முதல் வரியே எந்தப் புள்ளி வேலை செய்கிறது என்று உங்களுக்குச் சொல்லிவிடும். காசு கொடுத்து அனலிட்டிக்ஸ் வாங்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் உட்கார்ந்து எண்ணினால் போதும். ஒரு செய்தியும் வராத புள்ளியில் ஒன்று பதில் முழுமையாக இருக்கிறது அல்லது கேள்வியே யாருக்கும் இல்லை. எது என்று யோசித்து வைத்துக்கொள்ளலாம் அல்லது எடுத்துவிடலாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, "கைபேசியில் யார் இதையெல்லாம் தொடப்போகிறார்கள்?" நியாயமான கேள்வி. இந்தக் கருவிகளில் பல, மவுஸ் காலத்துப் பழக்கத்தில், சுட்டியைப் புள்ளி மேல் கொண்டுபோனால் விவரம் விரியும்படி அமைந்தவை. தொடுதிரையில் அந்த வித்தை நடக்காது. தட்டினால்தான் திறக்க வேண்டும். புள்ளி சின்னதாக இருந்தால் விரல் வேறெங்கோ படும். எல்லோரும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி விதிகளின் 2023-இல் வந்த 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கிறது. 2018-இல் வந்த 2.1 பதிப்பு இன்னும் உயர்ந்த தரமாக 44-க்கு 44 கேட்டது. பெரிய அளவையே பின்பற்றுங்கள். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். வெளிறிய வெள்ளை வட்டத்துக்குப் பதில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். எண் போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. இந்தப் படத்தை யாராவது வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்ட் செய்தால் அது வெறும் படமாகத்தான் போகும், புள்ளிகள் வேலை செய்யாது. எண்கள் படத்திலேயே பதிந்திருந்து, கீழே "1 முதல் 5 வரை விவரம் எங்கள் பக்கத்தில்" என்று ஒரு வரியும் இருந்தால், செத்த படம்கூட ஆளை உங்கள் பக்கத்துக்கு அழைத்துவரும்.

இரண்டாவது எதிர்வாதம்: "இன்ஸ்டாகிராமிலேயே புராடக்ட் டேக் இருக்கிறதே, தனிக் கருவி எதற்கு?" அதையும் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த டேக் சொல்வது பொருளின் பெயர், விலை, எங்கே வாங்குவது என்ற மூன்றைத்தான். ஒரே புடவையின் கோர்வைக்கு ஒரு விளக்கம், முந்தானைக்கு ஒரு விளக்கம் என்று அதில் எழுத வழியில்லை. அது பல பொருட்கள் உள்ள படத்துக்கு ஏற்றது: மாடல் கட்டியிருக்கும் புடவை, போட்டிருக்கும் ஜிமிக்கி, கையிலுள்ள பை. நம் வியாபாரியிடம் இருப்பது பல விஷயங்கள் அடங்கிய ஒரே பொருள். இரண்டுக்கும் வேலை வேறு. இன்ஸ்டாகிராமை வாசலாகவும், புள்ளி வைத்த படம் இருக்கும் சொந்தப் பக்கத்தை உள்கூடமாகவும் வைத்துக்கொள்வதுதான் சரியான ஏற்பாடு.

மூன்றாவது: "இப்போதெல்லாம் ரீல்ஸ்தானே ஓடுகிறது? வீடியோ எடுத்துப் போட்டால் முடிந்தது." வீடியோவின் பலத்தை நான் மறுக்கவில்லை. புடவை எப்படி விழுகிறது, இரண்டு நிற இழை கலந்த துணி அசையும்போது எப்படி நிறம் மாறுகிறது என்பதை எந்தப் படமும் காட்டாது, வீடியோதான் காட்டும். ஆனால் வீடியோவில் வரிசையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். பிளவுஸைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர் கோர்வை, சரிகை எல்லாவற்றையும் கேட்டு முடிக்க வேண்டும். அதற்குள் விரல் தள்ளிவிடும். புள்ளி வைத்த படத்தில் வரிசை வாங்குபவர் கையில் இருக்கிறது. தனக்கு வேண்டியதை மட்டும் தொடுகிறார். ராத்திரி சத்தம் வைக்க முடியாத நேரத்தில், பஸ்ஸில், ஆபீஸ் இடைவேளையில் பார்ப்பவருக்கும் எழுத்துதான் தோது. விலை மாறினால் ஒரு வரியைத் திருத்தலாம். வீடியோ என்றால் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் மோதவிடத் தேவையே இல்லை. துணி அசைவதைக் காட்டும் சின்ன வீடியோ ஒன்றை ஒரு புள்ளிக்குள்ளேயே வைத்துவிடலாம். திங்லிங்க் மாதிரியான கருவிகள் அதற்கு இடம் தருகின்றன.

நான்காவது எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது: "இன்றைக்கு இருக்கும் கருவி நாளைக்கு இருக்குமா?" இருக்காமல் போகலாம், அதற்கு முன்னுதாரணங்களும் உண்டு. படங்களில் புள்ளி வைத்து விளம்பரம் செய்யும் தொழிலில் ஒரு காலத்தில் பெரிய பெயராக இருந்த லூமினேட்டை 2014-இல் யாஹூ வாங்கியது. அதோடு அந்தச் சேவை முடிந்தது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது அதை நம்பியே ஆள் சேர்த்திருந்த சிறு விற்பனையாளர்கள் ஒரே இரவில் தங்கள் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாக அமைத்துத் தந்த இணையத்தளங்களை கூகுளே 2024 மார்ச்சில் மூடிவிட்டது. ஆகவே பயம் நியாயம்தான். அதற்கான மருந்து கருவியைத் தவிர்ப்பதில் இல்லை, சரக்கை நம் வசம் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. புள்ளி இல்லாத மூலப் படம், ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிய வாசகம், பின்பக்கத்து நெருக்கப் படங்கள் எல்லாவற்றையும் உங்கள் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். கருவி மூடப்பட்டால் அரை நாளில் இன்னொன்றில் ஏற்றிவிடலாம். நேரம் பிடிப்பது யோசித்து எழுதும் வேலைக்குத்தான். அது உங்களிடம் பத்திரமாக இருக்கும்.

இதே காரணத்துக்காக, புள்ளிக்குள் எழுதியதை அப்படியே உங்கள் பக்கத்தில் படத்துக்குக் கீழேயும் எழுதிவையுங்கள். வெளிக் கருவியில் செய்த படம் உங்கள் பக்கத்தில் ஐஃபிரேம் என்ற தனிச் சட்டத்துக்குள் வந்து உட்காருகிறது. உள்ளே இருக்கும் எழுத்தை கூகுள் உங்கள் பக்கத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. "கோர்வைப் பட்டு எப்படிக் கண்டுபிடிப்பது" என்று தேடுபவர் உங்களிடம் வந்துசேர வேண்டுமானால் அந்தச் சொற்கள் பக்கத்திலேயே எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட்டும் கொடுங்கள். பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடரும் தேடுபொறியும் படிப்பது அதைத்தான். கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர் கூட இருந்தால் வெளிக் கருவியே வேண்டாம். வேர்ட்பிரஸ்ஸில் ஹாட்ஸ்பாட் வைக்கப் பிளக்-இன்கள் உண்டு, எச்5பி என்ற இலவசத் திறமூல மென்பொருளிலும் அதற்கென்று தனி வகை இருக்கிறது. செய்துதருபவரிடம் ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள். பழைய இமேஜ் மேப்பில் இடங்கள் பிக்சல் கணக்கில் குறிக்கப்படுகின்றன. கைபேசியில் படம் சுருங்கும்போது அவை கூடவே சுருங்காது, கோர்வைப் புள்ளி வெற்றிடத்தில் போய் நிற்கும். இடத்தைச் சதவீதக் கணக்கில் குறிக்கச் சொன்னால் அந்தத் தொல்லை வராது.

ஐந்தாவது: "புடவை வாங்கப் போவதா, பார்சல் கட்டுவதா, புள்ளி வைத்துக்கொண்டு உட்காருவதா?" தனியாளாகக் கடை நடத்துபவரின் நியாயமான ஆதங்கம் இது. எல்லாப் படத்துக்கும் புள்ளி வைக்கச் சொன்னால் நானும் தப்புச் செய்தவனாவேன். கடையிலுள்ள ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு படம் போதும்: கோர்வைக்கு ஒன்று, கோர்வை இல்லாததற்கு ஒன்று, சாஃப்ட் சில்க்குக்கு ஒன்று. தினமும் போடும் மற்றப் படங்களில் "இது கோர்வை ரகம், விவரம் இங்கே" என்று அந்த ஒரு படத்துக்கு இணைப்புக் கொடுத்துவிடலாம். புதிதாக எழுதவும் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் வாட்ஸ்அப்பில் இதுவரை நீங்கள் டைப் செய்த பதில்களைத் தேடிப் பாருங்கள். "பிளவுஸ் இருக்கு மேடம்", "டெஸ்டட் சரிகைதான்க்கா", "பின்னாடி போட்டோ அனுப்பறேன்" என்று ஒரே பதிலை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்! அந்தப் பதில்கள்தான் உங்கள் புள்ளிகள். ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், மிச்சமாகும் நேரம் நிஜமாகவே பேசித் தீர்க்க வேண்டிய வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்.

ஆறாவது எதிர்வாதம் வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருப்பது: "தொழில் ரகசியத்தையெல்லாம் எழுதிப்போட்டால் போட்டிக்காரன் காப்பி அடிக்க மாட்டானா?" படத்தை எடுத்துப் போட்டுக்கொள்வான்தான், இப்போதும் போடுகிறான். ஆனால் பின்பக்கத்துக் கோர்வைக் கோட்டை அருகில் எடுத்துக் காட்ட, கோர்வை நெய்த புடவை அவனிடம் இருக்க வேண்டும். கைத்தறிக்கென்று சேலை உட்பட 11 வகைத் துணிகளை ஒதுக்கிவைக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்பது நின்றபாடில்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அந்தப் பெயரில் எங்கெங்கோ நெய்த துணி விற்கிறது. சட்டம் ஒவ்வொரு கடையிலும் வந்து நிற்க முடியாது. எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், எந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த வாடிக்கையாளர் ஒவ்வொரு கடையிலும் நிற்க முடியும். போலிக்கு வாழ்வு கொடுப்பதே வாங்குபவரின் அறியாமைதான். அசல் சரக்கு வைத்திருப்பவர் அந்த அறியாமையைப் பாதுகாத்து என்ன லாபம் காணப் போகிறார்?

எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். செக்கு எண்ணெய் விற்பவருக்குப் பாட்டில் படத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் சொல்ல வேண்டியது மணமும் ஆட்டும் முறையும், அதற்கு வீடியோவோ எழுத்தோ மேல். பார்த்த மாத்திரத்தில் புரிகிற, விலை குறைந்த, யோசிக்காமல் வாங்குகிற பொருளுக்கும் புள்ளி வீண். கண்ணில் படும் ஆனால் சொன்னால்தான் புரியும் நுட்பம் எங்கே இருக்கிறதோ, அங்கே இது கைகொடுக்கும். ஆத்தங்குடி ஓடு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பத்தமடைப் பாய், மர வேலை, நகை, கல்யாண மேடை அலங்காரம், வாடகை வீடு என்று பட்டியல் நீளம்தான். உங்கள் பொருளைப் பார்த்ததும் ஆட்கள் விரல் நீட்டி "இது என்ன?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்கிறார்கள் என்றால் அதற்குப் புள்ளி வைக்கலாம்.

இந்தக் கருவியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் விலை. கைவேலைப் பொருளை இணையத்தில் விற்பவர் சந்திக்கும் பெரிய கஷ்டம், அதே மாதிரி தெரியும் மலிவான பொருள் பக்கத்துச் சதுரத்திலேயே இருப்பது. கைபேசித் திரையில் கோர்வைப் புடவையும் விசைத்தறிப் புடவையும் ஒரே அளவுப் படம்தான். தொட்டுப் பார்க்கவோ திருப்பிப் பார்க்கவோ முடியாது. வித்தியாசம் தெரியாதபோது வாங்குபவர் குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பது அவர் குற்றமில்லை. வித்தியாசத்தைக் காட்டும் பொறுப்பு விற்பவருடையது. மூன்று நாடா ஓட்டியவரின் கூலியும், பாவைப் பிணைத்தவரின் பொறுமையும் அந்த விலைக்குள் இருக்கின்றன என்று படத்தின் மேலேயே காட்ட முடிந்தால், பேரம் பேசி நெசவாளரின் கூலியில் கை வைக்க வேண்டிய நெருக்கடி குறையும். இதற்குச் செலவு அதிகமில்லை, விளம்பர பட்ஜெட் வேண்டாம். இந்த வாரம் உங்களிடம் அதிகம் பேர் கேட்ட ஒரு கேள்வியை எடுங்கள். அது எழும் இடம் தெளிவாகத் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கடையில் நேரில் கேட்டால் என்ன சொல்வீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். இரண்டாவது புள்ளி எங்கே வர வேண்டும் என்பதை அடுத்து வரும் கேள்வியே சொல்லிவிடும்.